தாழ்ப்பாள் உள்ள வீட்டில் பிறந்தவர்கள்

ஏழேரி நாட்டை ஆண்ட அரசர் நல்லவர். அவர் எந்த வேலையும் செய்வதில்லை என்பதுதான் மக்கள் அவரைப் பற்றிச் சொன்ன முதல் பாராட்டு. வேலைகளை எல்லாம் அமைச்சர்கள் செய்தார்கள். அதனால் நாட்டில் குறைகள் இருந்தன. குறைகளைக் களையப் பேரவைகள் இருந்தன. பேரவைகளைக் கண்காணிக்க வேறு சில பேரவைகள் இருந்தன. சோறு மட்டும் சில ஊர்களில் இல்லை.

நாட்டின் வடமேற்கு மூலையில் காரைமலை. ஏரிக்கரை மக்கள் வந்து சேருவதற்கு முன்பே அங்கே ஒரு சனம் குடியிருந்தது. எப்போது வந்தீர்கள் என்று அவர்களைக் கேட்டால், "நாங்க வரலீங்க, இங்கதான் இருந்தோம்" என்பார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு நாட்டில் குடியுரிமை கொடுக்கலாமா என்பது பல ஆண்டுகளாக ஆய்வில் இருந்தது.

மலைமக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நோயில் படுத்தவரை அவர்கள் ஒரு நொடிகூடத் தனியாக விடமாட்டார்கள். கை எட்டும் தூரத்தில் யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். கஞ்சி ஊட்டுவார், வியர்வை துடைப்பார், ஊர்க்கதை பேசுவார். பேச எதுவும் இல்லாவிட்டால் நோயாளியையே திட்டிக்கொண்டிருப்பார். அவர் எழுந்து போக வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து உட்கார வேண்டும். ஒரு மனிதனைத் தனியே விட்டுக் கதவைச் சாத்துவது, அவன் செத்த பிறகுதான். அப்போது உறவுகள் எல்லோரும் குடிசையை விட்டு வெளியே வந்து, படலைச் சாத்திவிட்டு, முதுகு காட்டித் திரும்பி நிற்பார்கள். இனிமேல் உன்னோடு நாங்கள் இல்லை, நீ கிளம்பலாம் என்று செத்தவருக்குத் தெரிவிக்கும் முறை அது. அதன்பின் அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள். படலைச் சாத்தும் தேவை இவ்வளவு அரிதாக இருந்ததால், காரைமலையில் எந்தக் குடிசைக்கும் தாழ்ப்பாள் இல்லை.

அரசரின் கொள்ளுத்தாத்தா படையோடு அந்த மலையில் ஏறியபோது மலைக்காய்ச்சல் கண்டு விழுந்தார். அரண்மனை மருத்துவர்கள் கூடாரத்துக்கு வெளியே நின்றபடி கவலைப்பட்டார்கள். மலைமக்கள் உள்ளே போய், மாற்றி மாற்றிக் கூட உட்கார்ந்து, அவரைப் பிழைக்க வைத்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, மலையைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டது. ஏழேரி நாட்டுப் பள்ளிப் பாடத்தில் இந்த வரலாறு, 'மலையின் நல்ல காற்றால் மன்னர் குணமடைந்தார்' என்று ஒரே வரியில் இருக்கிறது. காற்று நன்றி எதிர்பார்ப்பதில்லை.

இப்படியே போயிருக்க வேண்டிய நாட்டில், நலத்துறை அமைச்சர் பூவராகனாரின் மாமியாருக்கு ஒரு நாள் யாரோ சூடான கஞ்சியை ஊட்டிவிட்டார்கள். மாமியாரின் நாக்கு வெந்து, சில நாள் பேச முடியாமல் போனது. அமைச்சர் அந்தச் சில நாளையும் அமைதியாகக் கழித்துவிட்டு, அதன்பின் கடுங்கோபம் கொண்டார்.

"நோயாளியை யார் வேண்டுமானாலும் தொடலாம் என்றால், இது நாடா, சந்தையா?" என்று அவையில் முழங்கினார்.

அவை அதிர்ந்தது. அன்றே சட்டம் பிறந்தது. செவிலியர் பேரவை வழங்கும் பித்தளை வில்லையைச் சட்டையில் குத்தியிராத எவரும் இனி எந்த நோயாளியையும் தொடக்கூடாது. தொட்டால் தனிச்சிறை.

பொதுமக்களைச் செவிலியரிடமிருந்து காப்பதற்குப் பேரவை. செவிலியரைப் பேரவையிடமிருந்து காப்பதற்குச் செவிலியர் சங்கம். இரண்டுக்கும் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்குப் போட்டியிட ஏற்கெனவே தலைவராக இருந்த அனுபவம் வேண்டும் என்று விதி இருந்ததால், இரண்டு தேர்தலிலும் ஆலாலசுந்தரி அம்மையார் ஒருவரே நின்று, கடும் போட்டிக்குப் பிறகு வென்றார். ஒரே அறையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. காலையில் பேரவை நாற்காலியில் அமர்ந்து சங்கத்துக்கு ஒரு கண்டனம் எழுதுவார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சங்க நாற்காலிக்கு மாறி, அதைப் படித்து மனம் புண்பட்டு, காரசாரமாகப் பதில் எழுதுவார். இரு தரப்புக்கும் பேச்சுவார்த்தை நடக்கும் நாளில் செயலர் நீதிவாணன் இரண்டு குவளை மோர் கொண்டுவந்து வைப்பார். இரண்டையும் அம்மையாரே குடிப்பார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து நாட்டின் நோயாளிகளை நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். நோயாளி யாரையும் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

சட்டம் வந்ததும் மலைப்பெண்கள் சிலர் வில்லை வாங்குவதற்காகத் தலைநகருக்கு இறங்கி வந்தார்கள். செவிலியர் பள்ளியில் சேர்ந்து படித்தால் வில்லை கிடைக்கும். பள்ளியில் சேர ஒரே ஒரு தகுதிதான் கேட்டார்கள். விண்ணப்பிப்பவர் தாழ்ப்பாள் உள்ள வீட்டில் பிறந்திருக்க வேண்டும். மலைப்பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்த வழியே ஏறிப் போனார்கள்.

அவையில் யாரோ விவரம் கெட்டவர் எழுந்து இதைப் பற்றிக் கேட்டுவிட்டார். ஆலாலசுந்தரி அம்மையார் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"இந்த விதியில் மலை என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? காட்டுங்கள், பார்க்கலாம்."

தேடினார்கள். இல்லை.

"இருக்காது. பேரவை யாரிடமும் வேற்றுமை பாராட்டுவதில்லை. தாழ்ப்பாள் என்பது எல்லாச் சாதிசனமும் போட்டுக்கொள்ளக்கூடிய பொருள். கடையில் கிடைக்கிறது."

அவை கைதட்டியது.

தங்கள் நோயாளிகளைத் தாங்களே தொட முடியாமல் போனதும், மலையில் சாவு கூடியது. சங்கம் வருந்தியது. அரசர் உள்ளம் உருகி, மலையடிவாரத்தில் ஒரு மருத்துவமனை கட்ட உத்தரவிட்டார். ஏரிக்கரைப் பெரிய மனிதர்களுக்கே பொதுக்கூடத்தில்தான் கட்டில். மலைமக்களுக்கோ ஆளுக்கு ஒரு தனி அறை. நல்ல மரத்தில் கதவு, வெளிப்பக்கம் புத்தம் புதிய தாழ்ப்பாள். நீதிவாணன் பதவி உயர்வு பெற்று அதற்குப் பொறுப்பாளராக வந்தார். திறப்பு விழாவில் பூவராகனார், "தாழ்ப்பாள் இல்லை என்று ஏங்கினீர்களே, இதோ தாழ்ப்பாள்" என்று சொன்னபோது அவருக்கே குரல் தழுதழுத்தது.

முதல் நோயாளியை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டார்கள். வெளியே நின்ற உறவுகள் முதுகு காட்டித் திரும்பி நின்றார்கள். அழுதார்கள். வீட்டுக்குப் போய்க் காரியம் செய்தார்கள். உள்ளே இருந்தவருக்கும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, நேராகக் கையைக் காலை நீட்டிப் படுத்து, சாப்பாட்டை நிறுத்தினார்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். ஆண்டு முடிவில் நீதிவாணன் மனநிறைவோடு அறிக்கை எழுதினார்: 'மலை நோயாளிகள் மிகுந்த ஒத்துழைப்புத் தருகிறார்கள். உணவு பெரும்பாலும் மிஞ்சுகிறது. பார்வையாளர் தொந்தரவு அறவே இல்லை.' எப்படியோ பிழைத்து வீடு திரும்பிய ஓரிருவரை, காரியம் முடிந்துவிட்ட பிறகு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஊர் தவித்தது. அவர்களும் தவித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் பெள்ளனுக்குக் காய்ச்சல் வந்தது. அரசாங்கச் சாலைக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த மலைக்காரன் அவன். மேற்பார்வையாளர் சட்டப்படி அவனை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். அவன் மனைவி கெம்பி, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் காலை ஒரு கையால் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்தாள். மருத்துவமனை வாசலிலும் விடவில்லை.

"காலை விடம்மா" என்றார் நீதிவாணன்.

"விடமாட்டேனுங்க. விட்டா அவன் செத்துட்டதா ஆயிரும்."

"யார் சொன்னது?"

"நாங்கதான் சொல்றோம்."

"பேரவை அப்படி எதுவும் சொல்லவில்லையே."

"எங்க சாவு உங்க பேரவைக்கு எப்படிங்க தெரியும்?"

நீதிவாணன் இதற்குக் கோபப்படவில்லை. அவர் பயிற்சி பெற்றவர். கண்ணைக் காட்டினார். ஊழியர்கள் இருவர் வந்து கெம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். அவள் நோயாளி அல்ல என்பதால், அவளைத் தொடுவதற்கு யாருக்கும் வில்லை தேவைப்படவில்லை.

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கூட வந்திருந்த உறவுகள் திரும்பி நின்றார்கள். கெம்பி மட்டும் கதவைப் பார்த்தபடியே நின்றாள். பெள்ளனின் அண்ணன் தொட்டன் அவளைக் கூப்பிட்டான்.

"கதவச் சாத்திட்டாங்க கெம்பி. திரும்பி நில்லு."

"சாத்துனது யாரு?"

"அவங்க."

"நாம சாத்தல. நாம சாத்தாத கதவு எப்படி நம்ம சாவாகும்? நான் அவன விட்டுட்டு வரல. என் கையப் பிரிச்சு எடுத்தாங்க."

தொட்டன் யோசித்தான். மலையிலும் முன்மாதிரி என்று ஒன்று இருந்தது, இதுவரை எல்லோரும் திரும்பித்தான் நின்றிருந்தார்கள். அவன் வீட்டுக்குப் போய்த் தம்பிக்குக் காரியம் செய்தான். கெம்பி போகவில்லை.

மறுநாள் அவள் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள். தன் குடிசையின் படலில் அதைக் கட்டிவிட்டு, செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பித்தாள். அக்கம்பக்கத்தார், பிணத்தைக் கட்டிலில் வைத்துக் கொஞ்சுபவளைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். நீதிவாணன் நேரில் வந்து ஆய்வு செய்தார். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், நன்றாக இருந்தது.

"பொருள் தரமானது. நீ பிறந்தபோது இது இருந்ததா?"

"இல்லீங்க. நேத்துத்தான் வாங்குனேன்."

"விதி பிறப்பைப் பற்றிப் பேசுகிறதம்மா. பிறப்பைத் திருத்தும் அதிகாரம் பேரவைக்கு இல்லை." அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது. "சங்கத்துக்கு வேண்டுமானால் எழுதிப் பார்."

கெம்பி எழுதவில்லை. அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முகமும் நெற்றியும் கொதிக்கும்வரை காய்ந்தாள். அப்படியே இறங்கி ஓடிவந்து மருத்துவமனை வாசலில் படுத்துக்கொண்டாள். மலையிலிருந்து தானாக வந்து சேர்ந்த முதல் நோயாளி அவள்தான். நீதிவாணனின் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. அவளே கேட்டுக்கொண்டபடி, பெள்ளனுக்கு அடுத்த அறையைக் கொடுத்துத் தாழிட்டார்.

கெம்பி சுவரைத் தட்டினாள்.

"பெள்ளா!"

மறுபடியும் தட்டினாள்.

"பெள்ளா, நான்தான் கெம்பி."

"பேரச் சொல்லாத" என்றது சுவருக்கு அந்தப் பக்கம். "செத்தவன் பேரச் சொல்லக் கூடாது."

"செத்தவன் பதில் பேசுவானா?"

அந்தப் பக்கம் யோசனை நடந்தது.

"எனக்கு இதுக்கு முன்ன செத்துப் பழக்கமில்ல. பேசுவாங்களோ என்னவோ."

"கஞ்சி வச்சாங்களா?"

"வச்சிருக்காங்க."

"பசிக்குதா?"

"பசிக்குது. ஆனா குடிக்கலாமான்னு தெரியல."

"செத்தவனுக்குப் பசிக்காது. எடுத்துக் குடி."

"நீ சும்மா சொல்ற."

"சும்மா சொல்றேனா? உன் கோடாலிய உங்க அண்ணன் எடுத்துக்கிட்டாரு, தெரியுமா? செத்துட்டானே, இனி எதுக்குன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு."

"என் கோடாலியவா?"

கொஞ்ச நேரத்தில் கஞ்சியை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கெம்பி சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, தொட்டனைப் பற்றிய மற்ற குறைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து அறைக்காரர்களுக்கும் சந்தேகம் வந்தது. அவர்களும் சுவரைத் தட்டினார்கள். சில நாளில் மருத்துவமனை முழுவதும் சுவர் வழியே ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டும், உண்டாயா என்று கேட்டுக்கொண்டும் இருந்தது. சாவு குறைந்தது. கஞ்சி மிஞ்சவில்லை. நீதிவாணன் பதறிப்போய்த் தலைநகருக்குத் தகவல் அனுப்பினார். பேரவை கூடியது.

"பேசுவது தொடுவதாகுமா?" என்று கேட்டார் பூவராகனார். சட்டத்தை அவரே இயற்றியிருந்ததால் அதன் பொருள் அவருக்குத் தெரியவில்லை.

"கட்டாயம் ஆகும்" என்றார் ஆலாலசுந்தரி அம்மையார். "குரல் வெளியே நிற்பதில்லை, அமைச்சரே. காது வழியே நோயாளிக்கு உள்ளேயே போய்விடுகிறது. கைகூட அவ்வளவு உள்ளே போவதில்லை."

அமைச்சருக்குப் புல்லரித்தது. "அப்படியானால் நோயாளியின் கனவில் அவன் மனைவி வந்தால்?"

"அதற்குக் குழு அமைத்திருக்கிறோம்."

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மையார் சங்க நாற்காலிக்கு மாறி, சுவர் வழியே பேசும் வேலை வில்லை பெற்ற செவிலியருக்கே உரியது என்று கோரிக்கை வைத்தார். மறுநாள் காலை பேரவை அதை ஏற்றுக்கொண்டது. தலைநகரப் பள்ளியில் 'சுவர்வழிப் பணிவிடை' என்று புதிய வகுப்பு தொடங்கியது. அதில் சேருவதற்கு மாணவர் தாழ்ப்பாள் உள்ள வீட்டில் பிறந்திருந்தால் போதும்.

காரைமலை மருத்துவமனைச் சுவர்களுக்கு உட்புறம் இன்னொரு சுவர் எழுப்பினார்கள். இவ்வளவு பேசுகிறவளுக்கு நோய் இருக்க முடியாது என்று கெம்பியை வெளியே அனுப்பினார்கள். அதன்பின் பெள்ளன் அறையிலிருந்து கஞ்சிக் குவளை மறுபடியும் தொடாமல் திரும்பி வந்தது. கெம்பி வெளிவாசலில் நின்று கத்தினாள். குரல் உள்ளே போகவில்லை.

இதற்கிடையில் அண்டை நாட்டு அரசர் ஒருவர் தன் நாட்டுப் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டதற்காக அவருக்கு ஏழெட்டு நாட்டிலிருந்து மாலைகள் வந்தன. ஏழேரி அரசர் இதைக் கேள்விப்பட்டு முதல்முறையாக ஒரு வேலை செய்ய ஆசைப்பட்டார்.

"நாமும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டால் என்ன? நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்களா?"

இருந்தார்கள். பொறுப்பு செவிலியர் பேரவையிடம் வந்தது. அம்மையார் பல நாள் உழைத்து எழுதினார்: 'எங்கள் முன்னோர் காலத்தில் உங்களுக்குப் பள்ளிக்கதவு திறக்கப்படாமல் இருந்திருக்கலாம். அதனால் உங்களில் சிலருக்கு மனவருத்தம் ஏற்பட்டிருக்கலாம். ஏற்பட்டிருந்தால், அந்த வருத்தத்துக்காக நாங்கள் வருந்துகிறோம்.'

பூவராகனார் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பேரவையே நம் காலத்தில் தொடங்கியதுதானே அம்மையாரே. முன்னோர் யார்?"

"சட்டம் இயற்றியபோது நீங்கள் இளையவர். இப்போது மூத்தவர். அந்த இளையவர்தான் முன்னோர்."

அமைச்சருக்கு அந்த முன்னோர்மேல் லேசான வெறுப்பு வந்தது.

மலையடிவாரத்தில் சில நாள் தங்கி, அம்மையார் மன்னிப்பை ஒத்திகை பார்த்தார். எங்கே நிறுத்துவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, எந்தச் சொல்லில் கண்ணாடியைக் கழற்றுவது என்று எல்லாம் முடிவாயிற்று. விழா நாளில் மருத்துவமனை முற்றத்தில் பந்தல் போட்டு, மலைமக்களைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அம்மையார் மன்னிப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றினார். பின்னால் வரிசையாக இருந்த கதவுகளில் தாழ்ப்பாள்கள் பளபளவென்று இருந்தன. விழாவுக்காகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

கெம்பி எழுந்து மேடைக்கு முன்னால் வந்தாள்.

"மன்னிச்சிட்டோம்மா. எல்லாருமே மன்னிச்சிட்டோம். என் புருசன் அந்த மூணாவது அறையில இருக்கான். தாழ்ப்பாளத் தொறந்து விடுங்க, நான் போயி பக்கத்துல உக்காந்துக்கறேன்."

அம்மையார் இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. இருந்தாலும் தடுமாறாமல் கனிவோடு சொன்னார். "மன்னிப்பு நடந்துமுடிந்ததற்குக் கேட்பது. தாழ்ப்பாள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நடுங்கினார். பற்கள் தந்தியடித்தன. மேடையிலேயே சரிந்தார். மலைக்காய்ச்சல்.

நீதிவாணனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. மலை எல்லைக்குள் நோயுறும் எவருக்கும் தனி அறை, வெளித் தாழ்ப்பாள். சட்டம் எல்லோருக்கும் பொது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மையார்தான். அம்மையாரை ஓர் அறையில் கிடத்தித் தாழிட்டார்கள். வில்லை அணிந்த செவிலியர்கள் மணி அடிக்கும்போது உள்ளே வந்து, நெற்றியைத் தொட்டு, குறித்துக்கொண்டு, தாழிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. உட்காருவது என்ற ஒன்று அவர்கள் பாடத்தில் இல்லை.

இரட்டைச் சுவர் என்பதால் அந்த அறைக்குள் ஒரு சத்தமும் வராது. அம்மையார் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒவ்வொரு முறையும் தாழ்ப்பாள் விழும்போது கதவைத் திரும்பிப் பார்த்தார். தான் இன்னும் இருக்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. பயந்துவிட்டார். இதில் ஏளனம் செய்ய ஒன்றுமில்லை, அந்த அறையில் யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். எத்தனையோ பேர் பயந்திருந்தார்கள்.

அடுத்த மணிக்கு வந்த செவிலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "போகாதே. யாராவது பக்கத்துல உக்காருங்களேன். அந்தப் பொம்பள எங்கே? மூணாவது அறைன்னு கேட்டாளே, அவளக் கூப்பிடுங்க."

கெம்பியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெளிவாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். நீதிவாணன் கூப்பிட்டதும் வந்து, அறைக்குள் நுழையாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"வாரேனுங்கம்மா. ஆனா பெள்ளன் கட்டிலயும் இங்க தூக்கியாரச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்துக்கறேன்."

"ஒரே அறையில் இரண்டு நோயாளிகளா?" என்று கேட்டார் நீதிவாணன். "அதிலும் வில்லை இல்லாமல்? விதி..."

"தூக்கிட்டு வாய்யா" என்று கத்தினார் அம்மையார்.

தூக்கி வந்தார்கள். கட்டிலில் ஆள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு வற்றிப் போயிருந்தான். கையைக் காலை நேராக நீட்டி, மேலே பார்த்தபடி, முறைப்படி செத்துக் கிடந்தான். கெம்பி குனிந்து அவன் நெற்றியில் கையை வைத்தாள்.

"பெள்ளா."

கண்கள் மெதுவாக அவள் பக்கம் திரும்பின.

"நீயும் செத்துட்டியா கெம்பி?"

"இல்ல. நீ இருக்க."

அவளுக்கு அழுகை வந்தது. இந்த முறை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அழுதுகொண்டே கஞ்சியை ஆற்றினாள்.

அதன்பின் அவள் அந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவிலிருந்து எழவில்லை. கதவைச் சாத்த வந்தவர்களை, காலை நீட்டி நிலைப்படியில் வைத்துத் தடுத்தாள். இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய் என்று ஊட்டினாள். இருவரையும் சமமாகத் திட்டினாள். கோடாலி விவகாரம் முழுவதையும் கேட்ட அம்மையார், காய்ச்சலோடு காய்ச்சலாக, "அண்ணன் பண்ணது தப்புத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். பெள்ளன் அவருக்கு நன்றி தெரிவித்தான். தூங்கும்போது அம்மையாரின் இடது கை கெம்பியின் சேலைத் தலைப்பையோ கையையோ பிடித்துக்கொண்டே இருந்தது. விழித்திருக்கும்போதும் அப்படித்தான்.

ஒரு காலையில் பெள்ளன் எழுந்து உட்கார்ந்து, குவளையைத் தானே வாங்கிக் குடித்தான். அம்மையாருக்கு உடம்பில் சூடு குறைந்திருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கெம்பி ஊட்டுவதை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நீதிவாணன் ஓர் உத்தரவோடு உள்ளே வந்தார். வில்லை இல்லாமல் நோயாளிகளைத் தொட்ட குற்றத்துக்குத் தனிச்சிறை. பேரவைத் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

அம்மையார் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். எழுத்தில் பிழை எதுவும் இல்லை.

"என்னால் ஒன்றும் செய்ய முடியாதம்மா" என்றார் கெம்பியிடம். அவர் குரலில் பொய் இல்லை, உண்மையிலேயே வருந்தினார். "நானே சட்டத்தை மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? எழுதுகோலைக் கொடுங்கள், நீதிவாணன்."

இடது கை கெம்பியின் மடியில் இருந்தது. வலது கையால் கையெழுத்துப் போட்டார். திருப்பிக் கொடுக்கப் போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி வாங்கி, கீழே ஒரு வரி சேர்த்தார். நீதிவாணன் அதை உரக்கப் படித்தார்:

'இந்தத் தண்டனை, தலைவர் அவர்களுக்குக் காய்ச்சல் முற்றிலும் நீங்கிய பிறகு தொடங்கும்.'

பெள்ளன் குவளையைக் கீழே வைத்தான். "தனியாவா?" என்று கேட்டான்.

கெம்பி அவனைப் பார்த்தாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, கஞ்சியை ஒரு முறை கலக்கினாள்.

"ஆறிப்போச்சுங்கம்மா. வாயத் தொறங்க."

அம்மையார் வாயைத் திறந்தார்.